மூட்டு ஜவ்வு ஆபரேஷனுக்கு டோனர் கிராஃப்ட்: சம்மதிக்கலாமா?

செல்வி_ஈரோடு

வணக்கம். தம்பிக்கு வயது 36. பைக் விபத்தில் வலது முழங்கால் முழுசாக விலகிவிட்டது. அவசரப் பிரிவிலேயே இழுத்து உள்ளே போட்டுவிட்டார்கள். இன்றைக்கு 9 நாள். எலும்பு முறிவு இல்லை, சிடி ஆஞ்சியோவில் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது.

எம்ஆர்ஐ ரிப்போர்ட்: முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் (முன் ஜவ்வு), பிசிஎல் (பின் ஜவ்வு) இரண்டும் முழுக் கிழிவு. வெளிப்பக்கம் எஃப்சிஎல் என்ற ஜவ்வும் மூட்டின் பின்னாலிருந்து வரும் பாப்லிட்டியஸ் தசைநாரும் அறுந்திருக்கின்றன. உட்பக்க ஜவ்வான எம்சிஎல் நன்றாக இருக்கிறது. மெனிஸ்கஸ் (மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புத் தட்டு) இரண்டிலும் கிழிவு இல்லை.

முதல் டாக்டர் சொன்னது: ஏசிஎல்லுக்கு அவன் காலிலிருந்தே ஹாம்ஸ்ட்ரிங் (பின் தொடைத் தசைநார்), பிசிஎல்லுக்கும் வெளிப்பக்கத்துக்கும் திசு வங்கியிலிருந்து இரண்டு டோனர் அக்கிலீஸ் (இறந்தவரிடமிருந்து எடுத்த குதிகால் தசைநார்). இரண்டாவது டாக்டர் டோனர் வேண்டவே வேண்டாம் என்கிறார். ஹாம்ஸ்ட்ரிங்கோடு இரண்டு கணுக்காலிலிருந்தும் பெரோனியஸ் லாங்கஸ் (கீழ்க்காலின் வெளிப்பக்கத் தசைநார்) எடுத்து முடித்துவிடலாமாம்.

அவன் விளையாட்டு எதுவும் ஆடுவதில்லை. விசைத்தறிக் கூடத்தில் மேற்பார்வை, நாள் முழுக்க நின்றபடி வேலை. டோனர் கிராஃப்ட் தாங்குமா, நோய் தொற்றுமா, உடம்பு ஏற்றுக்கொள்ளுமா, வங்கியிடம் என்ன கேட்க வேண்டும்? அடுத்த வாரம் ஆபரேஷன் தேதி கொடுக்கச் சொல்கிறார்கள்.

எலும்பு_வாத்தியார்

செல்வி மேடம், "டோனரா, சொந்தமா" என்று முழங்கால் மொத்தத்துக்கும் ஒரே கேள்வியாகக் கேட்டால் பதில் கிடைக்காது. தம்பிக்கு மூன்று இடத்தில் வேலை இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு.

ஏசிஎல்லில் குழப்பமே இல்லை, சொந்தத் திசுதான். அமெரிக்காவில் பெரும்பாலும் ராணுவத்தினரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. ஒரு பாதிப் பேருக்குச் சொந்த ஹாம்ஸ்ட்ரிங், மறு பாதிக்கு டோனர் டிபியாலிஸ் போஸ்டீரியர் (கணுக்காலின் உட்பக்கத் தசைநார்). 10 வருடம் கழித்து 2015-இல் வெளியிட்ட கணக்கில், சொந்தத் திசுவில் 8.3 சதவீதமும் டோனரில் 26.5 சதவீதமும் மறு ஆபரேஷன் வரை போயிருந்தன. அமெரிக்க எலும்பியல் சங்கத்தின் 2022 வழிகாட்டுதலும், குறிப்பாக இளைஞர்களுக்கும் ஓடியாடுபவர்களுக்கும் ஏசிஎல்லில் சொந்தத் திசுவையே முன்னால் வைக்கிறது. உங்கள் முதல் டாக்டரும் ஏசிஎல்லுக்கு அதைத்தான் சொல்லியிருக்கிறார், கவனித்தீர்களா?

பிசிஎல், வெளிப்பக்க மூலை இரண்டும் வேறு கணக்கு. இங்கே சொந்தத் திசுவுக்கும் டோனருக்கும் நடுவே ஏசிஎல் அளவுக்குப் பெரிய வித்தியாசம் ஆய்வுகளில் தெரியவில்லை. அதோடு திசு எவ்வளவு தேவைப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஏசிஎல்லுக்கு 8 மி.மீ.க்குக் குறையாத தடிமன் வேண்டும். வலது காலின் ஹாம்ஸ்ட்ரிங் தசைநார்களான செமிடெண்டினோசஸ், கிராசிலிஸ் இரண்டையும் மடித்து நாலு இழையாக்கினால் பெரும்பாலும் வந்துவிடும். பிசிஎல்லுக்கு 10, 11 மி.மீ. தடிமனோடு நல்ல நீளமும் வேண்டும், டிபியாவில் (முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு) துளைக்கும் குழி நீளமானது. மடித்த ஹாம்ஸ்ட்ரிங் இங்கே அடிக்கடி நீளம் பற்றாமல் போகும். டோனர் அக்கிலீஸ் வசதியாக இருப்பது இதனால்தான். குதிகால் எலும்புத் துண்டு ஒரு முனையில் ஒட்டியே வரும். அது தொடை எலும்புக் குழியில் உட்கார்ந்து எலும்போடு எலும்பாகச் சேரும், நீளமான தசைநார் முனை கீழே இறங்கும். வெளிப்பக்கத்துக்கு ஒரே அக்கிலீஸை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, ஒன்றை எஃப்சிஎல்லுக்கும் இன்னொன்றை பாப்லிட்டியஸ் வழியாகவும் கொண்டுபோகலாம். தொடை எலும்பில் இந்த இரண்டும் ஒட்டும் இடங்களுக்கு நடுவே 18 மி.மீ.க்குச் சற்று மேல்தான் தூரம். அதற்குள் இரண்டு குழி போட்டாக வேண்டும்.

இதையெல்லாம் சொந்தத் திசுவிலேயே முடிக்க வேண்டுமென்றால் வலது ஹாம்ஸ்ட்ரிங், இடது ஹாம்ஸ்ட்ரிங், அதற்கு மேல் பெரோனியஸோ முன் தொடையின் குவாட்ரிசெப்ஸ் தசைநாரோ வேண்டியிருக்கும். நன்றாக இருக்கிற காலிலும் தையல் விழும். ஊன்றுகோலோடு தாங்கி நிற்க வேண்டியது அந்தக் கால்தான். டூர்னிக்கே (ரத்த ஓட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்தும் பட்டை) கட்டி ஒரே மூச்சில் வேலை செய்யக்கூடிய நேரம் சுமார் 2 மணி. கிராஃப்ட் அறுவடைக்குப் போகும் ஒவ்வொரு நிமிடமும் அதில்தான் கழியும்.

இரண்டாவது டாக்டர் சொல்வதும் தவறில்லை. நம்பகமான திசு வங்கி கைக்கெட்டாத இடத்தில் பெரோனியஸ் நல்ல மாற்று. இரண்டாக மடித்தால் பெரும்பாலும் 8 மி.மீ.க்கு மேல் வரும். கணுக்காலுக்குச் சற்று மேலே சின்னக் கீறல் போட்டு எடுத்து, மீதி அடி முனையைப் பக்கத்திலிருக்கும் பெரோனியஸ் பிரெவிஸோடு தைத்துவிடுவார்கள். தசைநாரை உரித்தெடுக்கும் ஸ்ட்ரிப்பரை மேலே தள்ளும்போது ஃபிபுலா (கீழ்க்காலின் வெளிப்பக்கச் சிறிய எலும்பு) தலைக்கு 4, 5 செ.மீ. கீழேயே நிறுத்த வேண்டும். அதைத் தாண்டினால் நரம்பு இருக்கிறது.

அதனால் ஒரு விஷயம் கேட்கிறேன், உடனே பார்த்துச் சொல்லுங்கள். தம்பியால் வலது கால் கட்டைவிரலை மேல் நோக்கித் தூக்க முடிகிறதா? பாதத்தின் மேற்புறத்தில் தொட்டால் தெரிகிறதா? அதைப் பொறுத்து நான் மேலே சொன்னதில் பாதி மாறும்.

திசுவங்கி_டெக்

வங்கிப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

ரத்த குரூப் பொருத்தம், கிட்னி மாற்றுக்குக் கொடுப்பது போன்ற எதிர்ப்புத் தடுப்பு மாத்திரை எதுவும் தேவையில்லை. மைனஸ் 80 டிகிரியில் உறைய வைக்கும்போது உயிரணுக்கள் செத்துவிடுகின்றன. மிஞ்சுவது கொலாஜன் என்ற புரத இழைச் சட்டகம். தம்பியின் சொந்த அணுக்கள் அதற்குள் குடியேறி மெதுவாக அதைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும். (இளம் பெண் நோயாளி, ரத்தம் ஆர்ஹெச் நெகட்டிவ், கிராஃப்டில் எலும்புத் துண்டும் இருக்கிறது என்றால் மட்டும் டாக்டரிடம் அதைச் சொல்லியாக வேண்டும். பின்னால் கர்ப்ப காலத்தில் பிரச்சினை வரலாம்.)

பலம் கெடுவது பெரும்பாலும் சுத்திகரிப்பில்தான். ஆகவே முதல் கேள்வி: "காமா கதிர் கொடுத்ததா, எத்தனை கிலோகிரே?" 25 கிலோகிரே, அதாவது 2.5 மெகாரேட், அதற்கு மேல் போனால் கொலாஜன் இழைகள் அறுபட்டு தசைநார் பலமிழக்கும். 10, 12 அளவில் கொடுத்தால் பாதிப்பு குறைவு, அதுவும் உலர்பனியில் வைத்துக் கொடுத்திருந்தால் நல்லது. கதிரே காட்டாமல் சுத்தமான அறையில் எடுத்து உறைய வைத்தது இருந்தால் தசைநாருக்கு அதுதான் முதல் தேர்வு. எத்திலீன் ஆக்சைடு வாயுவில் சுத்தம் செய்தது என்றால் வாங்காதீர்கள். அதன் எச்சம் மூட்டுக்குள் இருந்துகொண்டு மாதக்கணக்கில் வீக்கம் கொடுக்கும். உறைய வைத்து உலர்த்திய வகையும் லிகமென்டுக்கு ஆகாது. எலும்புக் குழியை நிரப்பும் எலும்புத் தூளுக்கு அது சரி.

இரண்டாவது, தொற்று. எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி, சிபிலிஸ் நாலுக்கும் டோனர் ரத்தம் சோதித்திருக்க வேண்டும். ஆன்டிபாடி சோதனை மட்டும் போதாது, நாட் என்கிற வைரஸ் மரபணுச் சோதனையும் செய்தார்களா என்று கேளுங்கள். தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் ஆன்டிபாடி உருவாகியிருக்காது, அந்த இடைவெளியில் வைரஸைப் பிடிப்பது நாட்தான். இரண்டும் செய்த திசுவில் வைரஸ் வருவது மிக மிக அரிது.

என்னைக் கேட்டால் பாக்டீரியாவுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். 2001-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 23 வயது இளைஞர் ஒருவர் டோனர் எலும்பு-குருத்தெலும்பு வைத்த முழங்கால் ஆபரேஷனுக்குப் பின் சில நாட்களில் இறந்துபோனார். க்ளாஸ்ட்ரிடியம் சோர்டெல்லி என்ற கிருமி. விசாரித்தபோது டோனரின் உடல் இறந்து 19 மணி நேரம் குளிரூட்டப்படாமல் கிடந்தது தெரிந்தது. குடலிலிருந்து கிருமி ரத்தம் வழியாகத் திசுவுக்குப் போய்விட்டது. அடுத்த ஆண்டு அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட கணக்கில் டோனர் திசுவால் வந்த பாக்டீரியா தொற்று 26, அதில் 13 க்ளாஸ்ட்ரிடியம். அதன் பிறகு விதிகள் இறுகின. உடலை 12 மணி நேரத்துக்குள் குளிரூட்டியிருந்தால் 24 மணிக்குள் திசுவை எடுக்கலாம், குளிரூட்டாவிட்டால் 15 மணிக்குள் எடுத்தாக வேண்டும் என்பது அமெரிக்கத் திசு வங்கிகள் வைத்திருக்கும் அளவுகோல். எடுத்த நேரம், குளிரூட்டிய நேரம், சுத்திகரிப்புக்கு முன்னும் பின்னும் எடுத்த கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) முடிவு, எல்லாம் வங்கியின் பதிவேட்டில் இருக்கும். சர்ஜன் கேட்டால் காட்டியாக வேண்டும்.

மூன்றாவது, சட்டம். உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-இல் வந்தது, 2011 திருத்தத்தில் திசுக்களும் அதில் சேர்ந்தன, விதிகள் 2014-இல் வந்தன. திசு வங்கி பதிவு பெற்றிருக்க வேண்டும். மனிதத் திசுவை விற்பது குற்றம். பில்லில் வருவது எடுத்தல், சோதனை, பதப்படுத்தல், சேமிப்பு ஆகியவற்றுக்கான கட்டணமாக மட்டுமே இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் காட்டத் தயங்கும் இடத்தில் வாங்க வேண்டாம். நம் நாட்டில் இது நேற்று வந்த விஷயமில்லை, மும்பை டாடா மெமோரியலின் திசு வங்கி 1988-லிருந்து நடக்கிறது.

தியேட்டருக்குள் நடக்க வேண்டியது: பாக்கெட் மீது டோனர் அடையாள எண், தசைநாரின் பெயர், அளவு, காலாவதித் தேதி இருக்கும். உறை தளர்ந்திருந்தாலோ உள்ளே பனி உருகி மறுபடி உறைந்த அடையாளம் இருந்தாலோ திருப்பி அனுப்ப வேண்டும். மயக்க மருந்து கொடுக்கும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும். 37 டிகிரி வெதுவெதுப்பான சலைனில் 15 முதல் 30 நிமிடம் வைத்து இளக்குவார்கள். அவசரப்பட்டுச் சுடச்சுட ஊற்றினால் கொலாஜன் சுருங்கிக் கெட்டுவிடும். பிறகு 100 மி.லி. சலைனில் 500 மி.கி. வான்கோமைசின் கலந்து, அதில் நனைத்த துணியில் சுற்றிவைப்பார்கள். சொந்த கிராஃப்டுக்கும் இதையே செய்யச் சொல்லுங்கள், தொற்றைக் கண்கூடாகக் குறைக்கிறது. இளக்கியதை மறுபடி உறைய வைத்து வேறொருவருக்குப் பயன்படுத்தவே கூடாது.

இளக்கும்போது எடுத்த கல்ச்சரில் எப்போதாவது கிருமி காட்டும். காய்ச்சல், வீக்கம், சிஆர்பி (ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அளவு) ஏற்றம் எதுவும் இல்லையென்றால் கிராஃப்டைப் பிடுங்க மாட்டார்கள், கவனித்து வருவார்கள். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதற வேண்டாம்.

செல்வி_ஈரோடு

இருவருக்கும் மிக்க நன்றி. வாத்தியார் சார், பார்த்துவிட்டேன். கட்டைவிரல் லேசாக அசைகிறது, தூக்க முடியவில்லை. கணுக்காலை மேலே மடக்குவதும் பலவீனமாகத்தான் இருக்கிறது. பாதத்தின் மேற்புறம் மரத்துப்போன மாதிரி என்கிறான். கட்டு இறுக்கத்தால் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

எலும்பு_வாத்தியார்

கட்டு இறுக்கம் என்று விட்டுவிடாதீர்கள். இது முழங்காலின் வெளிப்பக்கமாக இறங்கிப் பாதத்தைத் தூக்க வைக்கும் காமன் பெரோனியல் நரம்பு. முழங்கால் முழுசாக விலகியவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு இந்த நரம்பு அடிபடும், வெளிப்பக்கம் அறுந்திருந்தால் வாய்ப்பு இன்னும் கூடுதல். இன்றே டாக்டரிடம் சொல்லி, கட்டைவிரல், கணுக்கால், பாதத்தை வெளியே திருப்புவது மூன்றின் பலத்தையும் 5-க்கு எத்தனை என்று கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்கு முன்னால் எழுதிவைக்காவிட்டால், பலவீனம் விபத்தால் வந்ததா கத்தியால் வந்ததா என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது.

திட்டம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். வலது கணுக்காலிலிருந்து பெரோனியஸ் எடுப்பதை இப்போது நான் ஒப்ப மாட்டேன். அந்தத் தசைக்குப் போகும் நரம்பே அடிபட்டிருக்கிறது. நரம்பு திரும்பி வந்தால் பாதத்தை வெளியே திருப்ப அந்தத் தசை வேண்டும். நரம்பு வராவிட்டால், தொங்கும் பாதத்தை நிமிர்த்த டிபியாலிஸ் போஸ்டீரியரை முன்பக்கம் மாற்றி வைக்கும் ஆபரேஷன் பின்னால் தேவைப்படலாம். அந்தக் கணுக்காலைச் சுற்றி எதையும் குலைக்காமல் வைத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். இடது காலில் எடுக்கலாம், ஆனால் வலது பாதம் தொங்கும்போது சமநிலைக்கு அவன் நம்பியிருக்கப்போவது இடது கணுக்காலைத்தான்.

ஆக, தம்பி விஷயத்தில் முதல் டாக்டரின் திட்டமே எனக்குச் சரியாகப் படுகிறது. எம்சிஎல் நன்றாக இருப்பதால் அதே வலது காலிலிருந்து ஹாம்ஸ்ட்ரிங் எடுப்பதிலும் தயக்கமில்லை. உட்பக்கம் கிழிந்திருந்தால் அந்தத் தசைகள்தான் அங்கே துணைத் தாங்கி, எடுக்கச் சொல்லியிருக்க மாட்டேன்.

டாக்டரிடம் மூன்று விஷயம் பேசுங்கள். ஒன்று, வெளிப்பக்கம் திறக்கும்போதே நரம்பைக் கண்டுபிடித்து, ஃபிபுலா கழுத்தருகே அழுத்தம் இருந்தால் விடுவித்துவிடுவாரா? இரண்டு, தொடை எலும்பின் வெளிக் கான்டைலில் (கீழ்முனைப் புடைப்பில்) ஏசிஎல் குழியும் எஃப்சிஎல் குழியும் உள்ளே மோதிக்கொள்ளாமல் எப்படித் துளைப்பார்? வெளிக்குழியை 35 டிகிரிபோல முன்பக்கம் சாய்த்துத் துளைப்பது வழக்கம். இதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறவர் இந்த ஆபரேஷனைப் பழகியவர். மூன்று, எந்த வரிசையில் இறுக்குவார்? பெரும்பாலும் முதலில் பிசிஎல், முழங்காலை 90 டிகிரி மடக்கி டிபியாவை முன்னால் கொண்டுவந்து. பிறகு கால் நீட்டியபடி ஏசிஎல். பிறகு 30 டிகிரி மடக்கி வெளிப்பக்கம். ஏசிஎல்லை முதலில் இறுக்கினால் டிபியா பின்னால் சரிந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு நல்ல கிராஃப்ட் இருந்தும் பயனில்லை.

அறுந்த வெளிப்பக்கத் திசுக்களைக் கண்டுபிடித்துத் தைப்பதற்கு 2, 3 வாரம்தான் நல்ல காலம். அதன் பிறகு எல்லாம் ஒட்டித் தழும்பாகிவிடும், நரம்பைப் பிரித்துப் பார்ப்பதும் கஷ்டம். டோனர் கிராஃப்ட் வரத் தாமதமானால் வெளிப்பக்கத்தையும் நரம்பையும் முதலில் முடித்துவிட்டு ஏசிஎல், பிசிஎல்லை இரண்டாம் கட்டமாக வைப்பது பற்றியும் கேளுங்கள்.

கபடி_ரசிகன்_திருவாரூர்

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். 19 வயசுப் பையன், கபடி, ஏசிஎல் மட்டும்தான் கிழிவு. டோனர் வைத்தால் சீக்கிரம் ஆடலாம் என்று யாரோ சொல்கிறார்களே?

எலும்பு_வாத்தியார்

அப்படிச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள் தம்பி. டோனர் ஏசிஎல் மறுபடி அறுவது அந்த வயதில்தான் மிக அதிகம். ஹாம்ஸ்ட்ரிங், பட்டெல்லா (முழங்கால் சில்) தசைநார், குவாட்ரிசெப்ஸ் மூன்றும் பையனிடமே இருக்கும்போது டோனருக்கு அங்கே வேலையே இல்லை. கபடியில் மண்டி போட்டு விழுகிற ஆட்டம் என்பதால் பட்டெல்லா எடுத்தால் முன்பக்க வலி தொல்லை தரலாம், அதை மட்டும் டாக்டரிடம் பேசுங்கள். எந்த கிராஃப்டானாலும் 9 மாதத்துக்கு முன் களத்தில் இறக்காதீர்கள்.

பிசியோ_நெல்லை

செல்வி அக்கா, டோனர் வைத்தவர்களிடம் நான் தனியாக எச்சரிக்கும் விஷயம்: திசு எடுத்த இடம் என்று ஒன்று இல்லாததால் வலி குறைவு, சீக்கிரமே தெம்பாக உணர்வார்கள். உள்ளே நிலைமை நேர்மாறு. எந்த கிராஃப்டும் முதல் சில வாரங்களில் பலமிழந்துதான் பிறகு தேறும், டோனரில் அந்தத் தேறுதல் இன்னும் மெதுவாக நடக்கும். வலி இல்லை என்பதை வைத்து அட்டவணையை முன்னால் இழுக்கக் கூடாது.

முதல் 6 வாரம் வலது காலில் எடை கூடாது, பிரேஸ் கழற்றக் கூடாது. படுத்திருக்கும்போது தலையணையைக் கெண்டைக்காலின் மேல் பகுதிக்குக் கீழே, முழங்காலுக்குச் சற்றுக் கீழாக வையுங்கள். குதிகாலுக்கு மட்டும் வைத்தால் டிபியா தன் எடையிலேயே பின்னால் தொங்கி புது பிசிஎல்லை இழுத்துவிடும். வீட்டில் அடிக்கடி நடக்கிற தவறு இது. முழங்கால் மடக்கும் பயிற்சி குப்புறப் படுத்து, இன்னொருவர் டிபியாவைப் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டு, முதல் 2 வாரம் 90 டிகிரி வரை மட்டும். குதிகாலைத் தானாகப் பின்னால் இழுக்கும் ஹாம்ஸ்ட்ரிங் பயிற்சி 4 மாதம் வரை வேண்டாம்.

சம்மணம் போடுவதும் ஒரு கால் மேல் இன்னொரு காலைக் குறுக்கே போடுவதும் எஃப்சிஎல்லை நேராக இழுக்கும். சாப்பாட்டுக்கு மேசை, வெஸ்டர்ன் டாய்லெட் இரண்டும் ஆபரேஷனுக்கு முன்பே தயாராக இருக்கட்டும். 6 மாதத்துக்கு முன் தரையில் உட்காருவதைப் பற்றிப் பேச வேண்டாம்.

பாதத்துக்கு இன்றிலிருந்தே கணுக்காலை 90 டிகிரியில் நிறுத்தும் ஏஎஃப்ஓ என்ற பாதத் தாங்கியை வாங்கிப் போடுங்கள். நரம்பு திரும்பி வருவதற்குள் குதிகால் தசைநார் சுருங்கிவிட்டால், நரம்பு வந்தும் பாதம் மேலே வராது. மரத்துப்போன இடத்தில் பிரேஸ் உரசிப் புண்ணானாலும் அவனுக்குத் தெரியாது, தினமும் கழற்றாமலே ஓரங்களை விலக்கிப் பாருங்கள். ஆபரேஷனுக்குப் பின் 3, 4 வாரத்தில் நரம்புச் சோதனை எடுத்து வைத்தால் 3 மாதத்தில் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

8 வாரத்திலும் 90 டிகிரி மடங்கவில்லை என்றால் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். பல லிகமென்ட் சேர்ந்து கட்டும்போது கிராஃப்ட் அறுவதைவிட மூட்டு இறுகிப்போவதுதான் அடிக்கடி பார்க்கிற தொல்லை. கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தால் அன்றைக்கே போக வேண்டும், ரத்தக் கட்டியாக இருக்கலாம்.

உட்கார்ந்த வேலைக்கு 2, 3 மாதம், நின்று பார்க்கும் தறிக்கூட வேலைக்கு 6 மாதம் என்று முதலாளியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

செல்வி_ஈரோடு

நரம்பு விஷயத்தை டாக்டருக்குப் போனில் சொல்லிவிட்டேன், மாலை வந்து பார்க்கிறேன் என்றார். காப்பீட்டில் டோனர் கிராஃப்ட் சேருமா என்று ஆஸ்பத்திரியில் தெளிவாகச் சொல்லவில்லை. அதற்கு என்ன செய்வது?

திசுவங்கி_டெக்

முன் அனுமதிக் கடிதத்தில் "டோனர் தசைநார் கிராஃப்ட், 2" என்று தனி வரியாக எழுதி அனுப்பச் சொல்லுங்கள். இம்பிளான்ட் என்ற பொதுத் தலைப்பில் போட்டால் பின்னால் மறுக்க வழி இருக்கிறது. ஆபரேஷன் முடிந்ததும் பாக்கெட்டிலிருந்த டோனர் எண் ஸ்டிக்கர் ஒன்று டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டியிருக்க வேண்டும், ஒன்று வங்கிக்குத் திரும்பிப் போக வேண்டும். அதே டோனரின் திசு வாங்கிய வேறொருவருக்குத் தொற்று வந்தால், அந்த எண்ணை வைத்துத்தான் உங்களைத் தேடிப் பிடிப்பார்கள். போன் நம்பர் மாறினால் ஆஸ்பத்திரிக்குத் தெரிவியுங்கள்.